சுவருக்கு அந்தப் பக்கம் ஐர்லிஸ்

நிலக்கரிச் சுரங்க ஊரான ப்ளைன்கார்த்தில் குவாரி தெரு மலைச்சரிவோடு ஏறிப்போகும். தோளோடு தோள் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நல்லாயிரு" என்பார்கள். வாசல் சாவியைக் கயிற்றில் கட்டி, கடிதம் போடுகிற துவாரத்துக்குள் தொங்கவிட்டிருப்பார்கள். வருகிறவர்கள் கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்து, "நான்தான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே அடுக்களை வரை போய்விடலாம். அவசரமென்றால் கணப்பின் பின்சுவரில் தீக்கிளறும் இரும்புக்கோலால் இரண்டு தட்டு தட்டினால் போதும். பக்கத்து வீட்டுக்காரி கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள்.

அறுபத்திரண்டாம் வருஷம், குளிர்காலம் முடிகிற சமயம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நெஸ்டா ப்யூவின் கணப்புச் சுவரில் அந்தத் தட்டு கேட்டது. தட்டியவள் பக்கத்து வீட்டு டெக்வென். அவள் புருஷன் ஹவெல் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தான். வந்து பார்த்த டாக்டர் குளிர்ஜுரம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நெஸ்டா அடுப்பிலிருந்த கவ்ல் என்ற கறிச்சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். மாடி அறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடிக் கிடந்தன.

"வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதாம்" என்றாள் டெக்வென். "சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. ஒத்தையா என்னால தூக்க முடியல."

இருவருமாக அவனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். ஹவெல் பெரிய உடம்புக்காரன். பெத்தானியா சேப்பலின் பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையது. அவன் பாடினால் பெஞ்சுப் பலகையே அதிரும் என்பார்கள். இப்போது மூச்சுத்தான் வந்தது. நெஸ்டா அவன் முதுகைத் தாங்கிப் பிடித்து, ஈரச்சட்டையைக் கழற்றி, முகத்தையும் கழுத்தையும் துணியால் துடைத்துவிட்டாள்.

"கவ்ல்ல கறி இருக்கா நெஸ்டா, இல்ல உன் வீட்டுக்காரன் எல்லாத்தையும் முழுங்கிட்டானா?" என்றான் ஹவெல்.

"உனக்குன்னு எலும்பு ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன். எந்திரிச்சு வந்து எடுத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை, சேப்பல் விட்டு எல்லோரும் தெருவில் ஏறி வந்துகொண்டிருந்த நேரம். டெக்வென் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. கண்ணைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளைத்துணியால் மூடிய இரண்டு பேர் ஹவெலைத் தூக்கி வந்து ஏற்றினார்கள். ரேடியோவில் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. கார்டிஃபில் இருந்தது, பிறகு அடுத்த பள்ளத்தாக்கில் இருந்தது. இப்போது இந்தத் தெருவுக்கு வந்துவிட்டது. பெரியம்மை. எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் கதவுகள் சாத்தப்பட்டன. துவாரங்களுக்குள் கயிறுகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டன.

நெஸ்டா தன் அடுக்களையில் நின்று இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டு வயதில் ஒரே மகள், ஐர்லிஸ். பிறந்ததிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் வெடித்து நீர் கசியும். தூக்கத்தில் சொறிந்துகொள்ளாமலிருக்கக் கைக்குப் பருத்தியுறை மாட்டித்தான் படுக்கவைக்க வேண்டும். ஊரில் பலபேர் வரிசையில் நின்று அம்மை குத்திக்கொண்டபோது, டாக்டர் இவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இந்தத் தோல்ல குத்தினா குத்தினதே ஆளைக் கொன்னுடும்" என்றார். வீட்டில் யாராவது குத்திக்கொண்டால் அந்தப் புண் ஆறும்வரை பிள்ளையிடம் நெருங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அதனால் நெஸ்டாவும் குத்திக்கொள்ளவில்லை, அவள் புருஷன் இத்வலும் குத்திக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே சுகாதார இன்ஸ்பெக்டர் ப்ராபர்ட் வீடு வீடாக வந்தார். ஒல்லியான மனிதர். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: போன வாரம் அந்த வீட்டுக்குள் போனது யார்? ஒரு வாரம் முன்னால் ஒரு நாளைக்கு நாலு தரம் அந்த வீட்டுக்குள் போய் வந்தவர்கள் எல்லோரும், ஹவெல் படுத்த பிறகு போகவே இல்லை என்றார்கள்.

நெஸ்டாவின் வாசலுக்கு அவர் வந்தபோது, அவள் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து இத்வல் சொல்லிவிட்டான்.

"இங்கேர்ந்து யாரும் போகலீங்க."

ப்ராபர்ட் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நெஸ்டா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சுரங்கத்தில் கூரை இறங்கி அரை நாள் புதைந்து கிடந்து வந்தவன் அவன். அன்றுகூட அவன் முகம் இப்படி வெளுத்திருக்கவில்லை.

"உன்னை அள்ளிட்டுப் போயிடுவாங்க நெஸ்" என்றான் மெதுவாக.

அப்போது ஐர்லிஸ் வந்தாள். என்ன நடக்கிறதென்று தெரியாமல், வழக்கம்போல் அம்மாவின் பாவாடையில் முகத்தை வைக்க வந்தாள். நெஸ்டா சட்டென்று பின்னால் நகர்ந்தாள். பிள்ளை நீட்டிய கையோடு நின்றுவிட்டது. நெஸ்டா அதற்குமேல் யோசிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.

"மிஸ்டர் ப்ராபர்ட். நான் போனேன். அவனைத் தூக்கினேன், முகம் துடைச்சேன்."

அன்றே டாக்டர் அவள் கையில் அம்மை குத்தினார். அதோடு அவளுக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று. ஐர்லிஸை கார்மார்தனிலிருக்கும் இத்வலின் தங்கை வீட்டுக்கு அனுப்பலாமென்று பார்த்தார்கள். இத்வல் தெருமுனைப் பூத்திலிருந்து போன் செய்துவிட்டு வந்தான். குவாரி தெரு என்ற பேரைக் கேட்டதுமே தங்கை முடியாதென்றுவிட்டாள்.

"அப்ப நான் டெக்வெனோட போய் இருக்கேன்" என்றாள் நெஸ்டா. "அவளும் உள்ளதானே அடைஞ்சு கிடக்கணும்."

ப்ராபர்ட் யோசித்துவிட்டுச் சரி என்றார். காவலுக்கு இரண்டு வீட்டை விட ஒரு வீடு மேல்.

ஒரு பையில் துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்து வாசலில் ஏறும்போது, எதிர்வீட்டு மாடி ஜன்னல் விரல்கடை அளவு திறந்தது. சேப்பல் மூப்பரின் மனைவி ஃபானி மேடக்ஸ்.

"நெஸ்டா, உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? அந்த வீட்டுக்குள்ளயா போறே?"

"உள்ளேர்ந்து உனக்கு ஏதாவது வேணுமா ஃபானி? எடுத்துட்டு வரேன்."

ஜன்னல் மூடிக்கொண்டது.

உள்ளே நாட்கள் நகரவில்லை. கிருமிநாசினி ஊற்றிக் கழுவிக் கழுவி வீடு முழுக்க ஆஸ்பத்திரி நாற்றம் அடித்தது. காலையில் எழுந்ததும் இருவரும் ஜன்னலோரம் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நெற்றி, கன்னம், காதோரம். பிறகு மணிக்கட்டுகள். எதுவுமில்லையென்றால்தான் கெட்டிலை அடுப்பில் வைப்பது. பால்கார எம்லின் தெருமுனைக்கு மேல் வரமாட்டேன் என்றுவிட்டான். இத்வல் போய் வாங்கி வந்து, பாலும் ரொட்டியும் வாசற்படியில் வைத்துவிட்டு, நடுத்தெரு வரை பின்வாங்கி நிற்பான். அதற்குப் பிறகு நெஸ்டா கதவைத் திறப்பாள்.

"தூங்கினியா?"

"தூங்கினேன். அவ?"

"கைக்கு உறை மாட்ட விடமாட்டேங்கறா. அம்மாதான் மாட்டணுமாம்."

சாயங்காலம் ஆனதும் கணப்பின் பின்சுவரில் இரண்டு தட்டு கேட்கும். அது ஐர்லிஸ். நெஸ்டா இந்தப் பக்கம் இரண்டு தட்டுவாள். அவ்வளவுதான் பேச்சு. நடுவில் ஒரு செங்கல் கனம்.

தினமும் காலையில் ப்ராபர்ட் தெருவில் நின்றபடி ஹவெலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். "அப்படியேதான் இருக்கார்." டெக்வென் அந்த ஒரு வார்த்தையை நாள் முழுக்க வைத்துப் புரட்டிக்கொண்டிருப்பாள். "மோசம்னு சொல்லல பாரு" என்பாள். சற்று நேரம் கழித்து, "தேவலைன்னும் சொல்லல" என்பாள்.

ஒருநாள் மத்தியானம். டெக்வென் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை காலையிலயே நான் பார்த்துட்டேன்" என்றாள்.

"என்னத்தை?"

"சிவப்புப் பொட்டுங்க. நெத்தியில நாலஞ்சு, மணிக்கட்டுல கொஞ்சம். டாக்டர் வந்துட்டுப் போனதுக்கப்புறம் கிளம்பினது."

நெஸ்டா பின்னிக்கொண்டிருந்ததை மடியில் வைத்தாள். "நீ என்னைத் தட்டிக் கூப்பிட்டது மத்தியானம்."

"ஆமா."

"பார்த்துட்டுத்தான் தட்டினியா?"

"பார்த்துட்டுத்தான் தட்டினேன்." டெக்வென் திரும்பவில்லை. "திரையை இழுத்து மூடினது நான்தான். அவனுக்குக் கண்ணு கூசல. வெளிச்சத்துல நீ பார்த்தா உள்ள வரமாட்டேன்னு பயந்துட்டேன்."

"என் வீட்டுல பிள்ளை இருக்குன்னு உனக்குத் தெரியாதா? அவ தோலு எப்படின்னு தெரியாதா? எத்தனை நாள் நீயே மருந்து தடவி விட்டிருக்கே."

"தெரியும். ஆனா அந்த நேரத்துல ஐர்லிஸ் ஞாபகம் வரல நெஸ்டா. யார் ஞாபகமும் வரல. அவன் சரிஞ்சுக்கிட்டே போறான், என்னால தூக்க முடியல. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சுது."

நெஸ்டா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். கத்த முடியாத கோபம் உள்ளுக்குள்ளேயே புளித்தது. பதினாறு வருஷமாக அடுத்தடுத்த வீடு. ஐர்லிஸ் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் டெக்வென். அன்றிலிருந்து இருவரும் தனித்தனியாகத் தேநீர் போட்டுக் குடித்தார்கள். காலையில் ஜன்னலோரம் முகம் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்த இருவருக்கும் தைரியமில்லை. ஒருத்தி கன்னத்தை ஒருத்தி பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். பேச்சிருக்காது.

அப்படி மூன்று நாள் போயிருக்கும். மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகல். கணப்புச் சுவரில் தட்டு கேட்டது. இரண்டல்ல, மூன்றல்ல. யாரோ சுவரை உடைக்கிறாற்போல் அடித்தார்கள். நெஸ்டா பின்முற்றத்துக்கு ஓடினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இத்வல், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான்.

"ஐர்லிஸுக்குக் காய்ச்சல். தொட்டா கொதிக்குது. உன்னைத்தான் கேக்கறா."

"பொட்டு இருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவ தோல்ல எது பொட்டு எது புண்ணுன்னு நீதானே சொல்லுவே?" அவன் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்தெறிந்தான். "டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்காராம். சொல்லி அனுப்பியிருக்கேன்."

நெஸ்டா திரும்பி உள்ளே ஓடினாள். அடுக்களை தாண்டி, நடை தாண்டி, வாசலுக்கு. அங்கே டெக்வென் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டிருந்தாள். மதிலோரம் பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது.

"வழி விடு."

"மாட்டேன்."

"வழி விடுடி. என் பிள்ளை கூப்பிடறா."

"உன் கையைப் பாரு நெஸ்டா."

நெஸ்டாவின் இடது தோள்புறம் கட்டுப் போட்டிருந்தது. குத்திய இடம் கொப்புளித்து, சீழ் வைத்து, கட்டை மீறி நனைந்திருந்தது.

"இந்தக் கையோட போய் அவளைத் தூக்கப் போறியா? அவளுக்கு இப்ப வந்திருக்கறது எதுவா வேணா இருக்கலாம். சாதாரணக் காய்ச்சலா இருந்தா, நீ போய்ச் சாகடிச்சுடுவே."

"நீ பேசாதே. நீ பேசவே கூடாது. இதெல்லாம் உன்னால."

"என்னாலதான்" என்றாள் டெக்வென். "பொறுக்க முடியாமதான் நானும் உன்னைத் தட்டினேன். பொறுக்க முடியாமதான் நீ இப்ப போகப் பார்க்கறே."

நெஸ்டா அவளை அறைந்தாள். மோதிரம் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. டெக்வென் நகரவில்லை. நெஸ்டா அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், தோளில் குத்தினாள், தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினாள். டெக்வென் திருப்பி ஓர் அடி அடிக்கவில்லை. கதவோடு ஆணி அறைந்தாற்போல் நின்றாள். வாயில் வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல், "அடி. அடிச்சுக்கோ. ஆனா போகமாட்டே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடைசியில் நெஸ்டாவின் கை தளர்ந்தது. நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள்போல் எழுந்து அடுக்களைக்குப் போய், கணப்புக்கு முன்னால் முழந்தாளிட்டு, இரும்புக்கோலை எடுத்துச் சுவரில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். விட்டு விட்டு, நிறுத்தாமல். அந்தப் பக்கம் இத்வலுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிள்ளையைக் கணப்போரம் கொண்டுவந்து படுக்கவைத்தான். வெகுநேரம் கழித்து அங்கிருந்து ஒரு தட்டு வந்தது. கேட்கிறதோ இல்லையோ என்றிருந்தது.

டாக்டர் வந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவர் ஐர்லிஸைப் பார்த்துவிட்டு வந்து மழையில் நடுத்தெருவில் நின்றார். நெஸ்டா முன்னறை ஜன்னல் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நின்றாள்.

"தொண்டை" என்றார் அவர் சத்தமாக. "டான்சில் வீங்கிப் பழுத்திருக்கு. அம்மை இல்ல. கேட்டுதா? அம்மை இல்ல."

பின்னால் அடுக்களையில் டெக்வென் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அன்று இருவரும் ஒரே கெட்டில் தேநீரைக் குடித்தார்கள். டெக்வெனுக்கு உதடு வீங்கியிருந்ததால் ஆறவைத்துத்தான் குடிக்க முடிந்தது. நெஸ்டா ஒரு துணியை நனைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ப்ராபர்ட் வந்தார். டெக்வென் வழக்கம்போல் ஜன்னலில் நின்றாள். அவர் வாயைத் திறக்குமுன் தொப்பியைக் கழற்றினார். தொப்பியைப் பார்த்ததுமே அவள் ஜன்னலை விட்டு விலகிவிட்டாள். மீதியை நெஸ்டாதான் கேட்டுக்கொண்டாள். விடியலில் போய்விட்டான். இன்றே அடக்கம். பெட்டியைத் திறக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மனைவியும் வர முடியாது.

டெக்வென் அழவில்லை. மாடிக்குப் போய் ஹவெல் சேப்பலுக்குப் போட்டுப்போகும் பூட்ஸுகளை எடுத்து வந்து, பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, பாலிஷ் போடத் தொடங்கினாள். நெஸ்டா எதிரே உட்கார்ந்து இன்னொரு காலுக்கான பூட்ஸை எடுத்துத் துடைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் இத்வல் பின்மதிலோரம் வந்து நின்றான். கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். பள்ளத்தாக்கில் ஒரு ஆள் செத்தால் தெருவிலிருக்கிற அத்தனை ஆண்களும் பெட்டிக்குப் பின்னால் நடப்பார்கள். சேப்பல் வேறாயிருந்தாலும், பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும், நடப்பார்கள்.

"கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடல" என்றான். "மலைக்குக் கீழே ரோட்டுல நின்னோம். பாதிரியாரும் கவுன்சில் ஆளுங்களும் மட்டும் மேல போனாங்க."

"எத்தனை பேர் வந்தாங்க?" என்று டெக்வென் கேட்டாள்.

இத்வல் தரையைப் பார்த்தான். "குறைச்சல்தான் டெக்வென். உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன்."

"பாடினீங்களா?"

"ஆரம்பிச்சோம். அடிக்குரல் இல்லாம பாட்டு நிக்கல. ரெண்டாவது அடியோட விட்டுட்டோம்."

டெக்வென் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். மதிலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சுத் திணறும்வரை. நெஸ்டா அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

இருவருக்கும் அம்மை வரவில்லை. தடைக்காலம் முடிந்த அன்று, நெஸ்டாவின் கைப்புண்ணும் பொருக்கு உதிர்ந்து ஆறியிருந்தது. ஹவெலின் படுக்கையையும் துணிமணிகளையும் கவுன்சில் ஆட்கள் பின்சந்தில் போட்டு எரித்தார்கள். பூட்ஸுகளை மட்டும் டெக்வென் கொடுக்கமாட்டேன் என்றாள். ப்ராபர்ட் சற்று நின்று பார்த்துவிட்டு, மருந்தில் முக்கித் துடைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நெஸ்டா தன் வீட்டுக்குள் நுழைந்தபோது ஐர்லிஸ் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இளைத்திருந்தாள். "இப்ப தொடலாமா?" என்று கேட்டாள். நெஸ்டா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். பிள்ளை வந்து அவள்மேல் முழுக்கச் சாய்ந்தது. கையுறைகளை எடுத்து வந்து மடியில் வைத்தது.

மறுநாள் டெக்வென் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். நெஸ்டா வெளியே வந்தாள்.

"நான் செஞ்சதை நீ மறக்கமாட்டே" என்றாள் டெக்வென்.

"மறக்கமாட்டேன்" என்றாள் நெஸ்டா. "மஃப்ளரைச் சுத்திக்கோ. மேல காத்தடிக்கும்."

கல்லறைத் தோட்டத்தில் ஹவெலை அவன் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. மேல் மதிலோரம், ஆடுகள் மேயும் இடத்துக்கு ஒட்டி, தனியாக வைத்திருந்தார்கள். மண் இன்னும் அமரவில்லை. டெக்வென் வெகுநேரம் நின்றாள். மழைத்தூறல் போட்டது. நெஸ்டா கொஞ்சம் தள்ளி நின்றாள்.

கீழே பாதையில் யாரோ ஏறி வருவது தெரிந்தது. ஃபானி மேடக்ஸ். கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு, கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டோடு, மூச்சு வாங்க வந்தவள், பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். வரவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை.

"பழரொட்டி சுட்டேன்" என்றாள். "வீட்டுல வெச்சுட்டுப் போகலாம்னு பார்த்தேன். நீ இல்ல."

டெக்வென் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அத்தனை நாள் மூடிக் கிடந்த ஜன்னலும் இருந்தது.

"இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு அங்க ஏன் நிக்கறே? இனி ஒட்டிக்காது, வா."

ஃபானி வந்தாள். மூவரும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு தூறல் வலுக்கவே, பாதை வழுக்கும் என்று சொல்லி நெஸ்டா டெக்வெனின் கையைப் பிடித்துக்கொள்ள, மெல்ல இறங்கி ஊருக்குள் வந்தார்கள்.